தேக்க வாசகி

புளிமூட்டுவிளை அட்சரசந்திரிகா வாசகசாலையில் புத்தகங்கள் அலமாரியில் இருந்த காலத்தில் அவற்றைப் பற்றிக் கரையானைத் தவிர வேறு யாரும் கவலைப்பட்டதில்லை. பிறகு ஒரு நாள் நிர்வாகக் குழு கூடி, சுற்று வட்டாரத்து வாசகசாலைகளை எல்லாம் சேர்த்து ‘புஸ்தகயாத்ரா’ என்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் போனிலேயே பார்க்கலாம். அன்றிலிருந்து வாசகசாலையில் புத்தகம் கிடைப்பது மெல்ல நின்றுபோயிற்று.

இந்த விவரம் எதுவும் ஆனந்தபாய்க்குத் தெரியாது. அவள் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்ப் பஞ்சாயத்து ஓடைகளில் புல் செதுக்குகிறவள். வாசகசாலைச் செயலாளர் விஜயதாஸ் சார் இணையதளத்தைத் தொடங்கிவைத்து முழங்கியபோது அவள் எதிர் ஓடையில்தான் நின்றாள். பக்கத்தில் எங்கோ கோயிலில் விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு புத்தகம். ‘சாம்பல்மேட்டு பங்களா’ என்ற நாவலின் இரண்டாம் பாகம்.

அவள் புருஷன் செல்லையன் லாரி ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவுகளையும் சுரங்கப் பாதைகளையும் ஒரு கீறல் இல்லாமல் கடந்து வந்தவர், லீவில் வந்த இடத்தில் சொந்த வீட்டுப் பலாமரத்திலிருந்து விழுந்தார். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கல்யாணமான நாளிலிருந்து மாதத்துக்கு நாலைந்து நாள் மட்டுமே வீட்டில் தங்கியவர் இப்படி ஒரேயடியாக வந்து படுத்ததும், இருவருக்கும் பேச விஷயம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. சோறு ஆச்சா, மருந்து குடிச்சியளா, அவ்வளவுதான். மிச்ச நேரத்தில் மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்று சண்டை.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வாசகசாலையின் தமிழ் அலமாரியில் கடைசியாக மிச்சமிருந்த அந்தத் தடித்த நாவலை எடுத்துவந்தாள். வாய்க்குள் முணுமுணுத்து வாசித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் செல்லையன் கட்டிலிலிருந்து சொன்னார்:

“ஏட்டி, கொஞ்சம் சத்தமாத்தான் வாசியேன்.”

அந்த வீட்டில் எழுத்து இரண்டு வகை. அவள் களியக்காவிளைப் பக்கத்தில் பிறந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மலையாள எழுத்து ஓடாது. அவர் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்து மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், எழுத்தைக் கண்டால் முழிப்பார். பஸ் போர்டு பார்க்க அவளுக்கு அவர் வேண்டும். இந்த நாவலுக்கு அவருக்கு அவள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு புளியைப் பற்றி யாரும் பேசவில்லை. எஸ்டேட் முதலாளிக்குப் பாலில் விஷம் வைத்தது யார் என்பதுதான் பேச்சு.

“மேனேஜராக்கும் கொன்னது. அவன் முழியே சரியில்ல,” என்பார் செல்லையன்.

“முழிய நீங்க எங்க கண்டிய? தம்பி பெஞ்சாதியாக்கும். பால எடுத்துட்டுப் போனது அவளில்லா?”

“பாலு கொண்டுபோறவ எல்லாம் கொலகாரின்னா, நீ எனக்கு டெய்லி கொண்டு தாறியே.”

“அது உண்டு. நீங்க ஜாக்கிரதையா இருக்கியது நல்லதாக்கும்.”

செல்லையன் கட்டு ஆடும்படி சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசிப் பக்கத்தில் சமையற்காரன் ஸ்டோர் ரூம் கதவைத் திறக்கிறான், உள்ளே நிற்கிற ஆளைப் பார்த்து விளக்கைக் கீழே போடுகிறான். அதோடு முதல் பாகம் முடிந்தது. அடுத்த வியாழக்கிழமை கட்டுப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் நாசிக்கிலிருந்து வெங்காய லோடு எடுக்கவேண்டும் என்று லாரி முதலாளி இப்போதே போன் செய்துவிட்டார். அவர் போய்விட்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று ஆனந்தபாய்க்குப் பயமாக இருந்தது. அதை வெளியே சொல்லக் கூச்சம். அதனால் இரண்டாம் பாகம் எடுத்துவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வாசகசாலையில் இந்தத் தடவை அலமாரிகள் முழுசும் துடைத்துவிட்டாற்போல இருந்தன. புத்தகம் இருந்த இடத்திலெல்லாம் கறுப்புக் கட்டங்கள் அச்சடித்த அட்டைகள் ஒட்டியிருந்தன. நூலகர் பிரசீதா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“புத்தகம் ஒண்ணும் இங்க இல்ல, சேச்சி. எல்லாம் யாத்ரையிலாக்கும்.”

“எங்கக்குப் போச்சு, மோளே?”

“அங்கயும் இங்கயும். ஒரு எடத்துல இருக்கப்பிடாதுன்னு சட்டம்.”

உள் அறையிலிருந்து விஜயதாஸ் சார் வந்தார். ஏதோ கூட்டுறவு அலுவலகத்தில் ரிட்டயரானவர். எதிரே ஒருவர் நின்றால் அது அவருக்குக் கூட்டம். இரண்டு பேர் நின்றால் பொதுக்கூட்டம்.

“சகோதரி, புத்தகம் ஏன் அச்சடிக்கப்படுகிறது?” என்று கேட்டார்.

“வாசிக்கத்தான், சார்.”

“தவறு. அது பழைய சிந்தனை. புத்தகம் நகர்வதற்காக அச்சடிக்கப்படுகிறது. ஒருவர் வாசிக்கிறார் என்றால் என்ன பொருள்? அத்தனை நாளும் அந்தப் புத்தகம் அவர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று பொருள். இதற்கு நாங்கள் தேக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். சென்ற வருடம் இந்த வாசகசாலையில் எழுபது பேர் வாசித்தார்கள். என்ன பயன்? வாசகசாலைகளின் தரப் பட்டியலில் பி கிரேடுதான் கிடைத்தது. இந்த வருடம் ஒருவரும் வாசிக்கவில்லை. ஏ கிரேடுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.”

ஆனந்தபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் பாகம் எங்கே என்று மறுபடியும் கேட்டாள். சைட்டில் தேடிக்கொள்ளலாம், வாசகரின் சுதந்திரம் அதுதான் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சைட் முழுக்க மலையாளம். வீட்டில் செல்லையன் தலையணையில் சாய்ந்துகொண்டு போனைத் தடவினார். நாவலின் பெயர் எங்கேயும் இல்லை. பதிவு செய்ய வந்த பையன்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் அட்டையைப் பார்த்தே பதிந்திருந்தார்கள். முதலில் கையில் அகப்பட்டது மரச்சீனிக் கிழங்குச் சாகுபடி பற்றிய புத்தகம். அந்தப் படத்தைப் பார்த்து மொத்தத் தமிழ் அலமாரியையும் விவசாயம் என்ற தலைப்பில் சேர்த்துவிட்டார்கள்.

“தமிழ், பச்ச அட்ட, மீச வச்ச ஆளு. இதா?”

“இல்ல.”

“தமிழ், செவப்பு அட்ட, கண்ணீரு விடுத பொண்ணு.”

“அதுவுமில்ல. நீல அட்ட, பங்களா போட்டிருக்கும்.”

“ஆ, கிட்டிச்சு. தமிழ், நீல அட்ட, மாட்டுத்தொழுவம்.” செல்லையன் கண்ணைச் சுருக்கினார். “பங்களாவத் தொழுவம்னு எழுதிட்டானுவ. எங்க இருக்குன்னு காட்டுது... ஏட்டி, இது நம்ம வீட்டுலயில்லா இருக்குன்னு போட்டிருக்கு.”

இரண்டு பாகத்துக்கும் ஒரே அட்டை; ஆகவே இரண்டும் ஒரே புத்தகம் என்று சைட் முடிவு செய்திருந்தது. அவள் தேடும் புத்தகம் அவளிடமே இருந்தது. அதற்குக் கீழே, தன்னிடமே உள்ள புத்தகத்தைத் தேடும் ஆர்வத்துக்கு ஒரு பாராட்டும், அதை இத்தனை நாள் வைத்திருந்ததற்காக அவள் பெயருக்கு மேலே சிவப்பில் ‘தேக்க வாசகி’ என்ற பட்டமும் கிடந்தன. நீங்கள் இவற்றையும் விரும்பலாம் என்று, நல்ல மிளகில் வாட்டநோய், கறவை மாட்டுக்கு மடிநோய் ஆகிய இரண்டையும் சிபாரிசு செய்திருந்தது.

மறுநாள் காலையில் பிரசீதாதான் கஷ்டப்பட்டு இரண்டு நீல அட்டைகளையும் சைட்டில் தனித்தனியாகப் பிரித்துத் தந்தாள். இரண்டாம் பாகம் வெள்ளறடையில் பொன்னப்பன் என்பவரிடம் இருந்தது. ஆனந்தபாய் அன்றைய வேலையை விட்டுவிட்டு, கண்டக்டரிடம் கேட்டு பஸ் ஏறினாள்.

பொன்னப்பன் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஷீட் தொங்கவேண்டிய கம்பியில் துணிப்பைகள் தொங்கின. பைக்குள் எல்லாம் புத்தகம். சுவரில் அவருடைய போட்டோ, அதன்மேல் ‘மகாயாத்ரிகர்’ என்ற பட்டயம்.

“நீல அட்டையா? இப்பம் காலம்பறதான் பூவாருக்குப் போச்சு,” என்றார். “என் கையில ஒரு புத்தகமும் ஒரு ராத்திரி தங்காது. அது எனக்கு ஒரு மரியாதையாக்கும்.”

“நீங்க வாசிச்சியளா, அண்ணா? கொன்னது யாருன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

பொன்னப்பன் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“வாசிக்கவா? சேச்சி, நான் இந்த ஜில்லாவுலயே பெரிய வாசகனாக்கும். எனக்கு எங்க நேரம்? போன மாசம் ஒரு புத்தகத்தத் தெரியாமத் திறந்துட்டேன். ரெண்டு பக்கம் போனதே தெரியல. ரேங்குல கீழ எறங்கிட்டேன். அதுக்கப்பறம் எல்லாத்துக்கும் ரப்பர்பேண்ட் போட்டு வச்சிருக்கேன்.”

அங்கிருந்து பூவார். நெய்யாறு கடலில் சேருகிற முகத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிற ஷிபுவிடம் புத்தகம் இருந்தது. நல்ல பையன். படகில் லைப் ஜாக்கெட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்தே காட்டினான். நீல அட்டை, பங்களா, இரண்டாம் பாகம். ஆனந்தபாய் கையை நீட்டினாள்.

“தர வழியில்ல, சேச்சி,” என்றான் ஷிபு. முகம் வாடியிருந்தது. “எட்டு ஊரு முடிச்ச புத்தகத்துக்கு ஒரு கைமாற்ற விழா நடத்தணும். வெளக்கு, மேடை, பேனர், எல்லாம் லைவா சைட்டுல ஓடணும். இல்லேன்னா கைமாறுனதாக் கணக்கில்ல.”

“நான் இங்கயே இருந்து வாசிச்சிட்டுத் தந்திருதேன், மக்கா.”

“படகுல டூரிஸ்ட் நிக்கியாங்க. நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்ய?”

ஆற்று முகத்தில் நின்ற ஆனந்தபாய்க்கு அழுகை வந்தது. ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறி நேராக வாசகசாலைக்குப் போய், எனக்கு விழா வேண்டும் என்றாள்.

விஜயதாஸ் சார் நெகிழ்ந்துபோனார். அந்தச் சமயத்தில்தான் கிரேடு கொடுக்கிற குழு வருவதாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் விழா. வியாழன் காலையில் கட்டுப் பிரிப்பு. ஒரு ராத்திரி கிடைக்கும், முடிந்தவரை வாசித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

“ராத்திரியா?” என்றாள் பிரசீதா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சேச்சி, உங்க கையில தந்த உடனே அடுத்த ஆளுக்குப் போகும். பொன்னப்பன் சேட்டன் பையோட முன் வரிசையில இருப்பாரு. கூட்டம் முடியியது வரைக்கும்தான் புத்தகம் உங்களுக்கு.”

ஆனந்தபாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரசீதா சுற்றிலும் பார்த்தாள். “ஆனா ஒண்ணு. புத்தகம் வாங்குத ஆளாக்கும் நன்றியுரை சொல்லணும். நன்றியுரை முடியாமக் கூட்டம் முடிஞ்சதா சைட் ஒத்துக்காது. அதுவரைக்கும் மேடையில இருக்கியவங்க யாரும் எழும்பவும் பிடாது. எழும்பினா கிரேடு போச்சு. நன்றியுரை இத்தன நேரந்தான்னு மட்டும் விதி வைக்க மறந்துட்டாங்க. நான் சொன்னதாச் சொல்லாதிய.”

புதன்கிழமை புத்தகம் பூவாரிலிருந்து வந்தது. பட்டுத் தலையணையில் வைத்து, முத்துக்குடை பிடித்து, சிங்காரி மேளத்தோடு ரோட்டில் கொண்டுவந்தார்கள். விவரம் தெரியாத ஒரு கிழவர் வழியில் நின்று கும்பிட்டுக் காணிக்கையும் போட்டார். மேடையில் கிரேடு குழுத் தலைவி ஸ்ரீகுமாரி மேடம் விளக்கேற்றினார். வரவேற்புரை. தலைமையுரை. வாழ்த்துரைகள். புத்தகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

விஜயதாஸ் சார் பேசினார்:

“இந்த நூல் கடந்த ஓராண்டில் எட்டு ஊர்களைக் கண்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் எட்டு ஊர்களைக் கண்டிருக்கிறோம்? இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. தெரிந்திருந்தால் நான் இந்த நூலைத் தேக்கியவன் ஆவேன்.”

பலத்த கைதட்டல். ஸ்ரீகுமாரி மேடம் குறித்துக்கொண்டார்.

செல்லையனை ஆட்டோவில் கொண்டுவந்து மைதான ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். மாவுக்கட்டுக் கால் வெளியே ஒரு ஸ்டூலில் இருந்தது. ஆனந்தபாய் மேடையேறிப் புத்தகத்தை வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். முன் வரிசையில் பொன்னப்பன் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் நேராக மைக்குக்குப் போனாள்.

“எல்லாருக்கும் நன்றி,” என்றாள். “இந்தப் புத்தகத்துக்கும் நன்றி சொல்லணும். யாருன்னு தெரியாம நன்றி சொல்லியது மரியாத இல்லியே. அதனால அதுல என்ன இருக்குன்னு மொதல்ல வாசிச்சிருதேன்.”

பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, ரப்பர்பேண்டைக் கழற்றி, முதல் அத்தியாயத்தை எடுத்தாள். ஸ்டோர் ரூமில் நின்றது யார் என்பதில் தொடங்கியது.

விஜயதாஸ் சார் பாதி எழுந்தார். கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். கிளம்பிக்கொண்டிருந்த கூட்டம் வாசலில் கொஞ்சம் நின்றது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டது. தமிழ் சரியாகப் புரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். மேளக்காரர்கள் செண்டையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். முந்தைய கதை தெரியாமல் தவித்தவர்களுக்குச் செல்லையன் ஆட்டோவிலிருந்தபடி முதல் பாகத்தை எடுத்துவிட்டார். மேனேஜரின் முழியைப் பற்றி விசேஷமாகச் சொன்னார்.

“ஒரு நிமிஷம்,” என்று ஸ்ரீகுமாரி மேடம் குறுக்கிட்டார். எல்லோரும் பயந்தார்கள். “அந்தப் பால் டம்ளரை யார் கழுவினது? அந்தப் பத்தியைத் திரும்பவும் வாசியுங்கள்.”

தெருவிளக்கு எரிந்து, கடைசி பஸ்ஸும் போய், நடுராத்திரி ஆன பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. புத்தகம் முக்கால்வாசி ஆகிவிட்டது. துப்பறிகிறவர் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு, கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான் என்று சொன்ன இடத்தில், ஆட்டோவிலிருந்து செல்லையன் கையைத் தூக்கினார்.

“ஏட்டி, போதும். நிறுத்து.”

ஆனந்தபாய் நிமிர்ந்தாள். “என்ன, கால் வலிக்குதா?”

“வலியொண்ணும் இல்ல. மிச்சத்த இங்க வாசிக்காண்டாம்.” எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் அவருக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தும் சொன்னார். “இங்கயே முடிச்சிட்டா, வீட்டுல போயி நாம ரெண்டுபேரும் என்னத்தப் பேச?”

ஆனந்தபாய் புத்தகத்தை மூடினாள். கண் நிறைந்து அட்டை எழுத்தும் தெரியவில்லை. “நன்றி,” என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினாள்.

கூட்டம் முடிந்ததாக சைட் காட்டியது. விதிப்படி புத்தகம் பொன்னப்பனுக்குப் போகவேண்டும். பொன்னப்பன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு வேண்டாம். கொன்னவன் யாருன்னு தெரியாம நான் ஒரு எடத்துக்கும் இதக் கொண்டுபோகமாட்டேன்.”

“மகாயாத்ரிகர் இப்படிப் பேசலாமா?” என்று விஜயதாஸ் சார் பதறினார்.

“பட்டயத்த வேணும்னா எடுத்துக்கோங்க, சார்.”

விஜயதாஸ் சார் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். புத்தகம் நகரவில்லை என்றால் தேக்கம். தேக்கம் என்றால் கிரேடு இல்லை. ஒரு புத்தகம் ஒரே வீட்டில் இருக்கவும் வேண்டும், தேக்கமும் ஆகக்கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருப்பதாகப் பிரசீதா சொன்னாள். காணாமல் போன புத்தகத்தை யாரும் நகர்த்தவேண்டியதில்லை. ஆனந்தபாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே நிற்கும்போதே, புத்தகம் காணவில்லை என்று விஜயதாஸ் சார் பதிவு செய்தார்.

காணாமல் போனால் விசாரணைக் குழு வேண்டும். விதி இருக்கிறது. குழுவுக்கு விஜயதாஸ் சார் தலைவர், பொன்னப்பன் உறுப்பினர், கிரேடு தரப்பின் பிரதிநிதியாக ஸ்ரீகுமாரி மேடம். மறுநாள் சாயங்காலம் மூவரும் ஆனந்தபாயின் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

“புத்தகம் இங்கே இருக்கிறதா?” என்று விஜயதாஸ் சார் முறைப்படி கேட்டார்.

“இந்தா இருக்கு, சார்,” என்று மடியிலிருந்ததைக் காட்டினாள் ஆனந்தபாய்.

“தேடினோம், கிடைக்கவில்லை. நாளையும் தேடவேண்டும்,” என்று அவர் பிரசீதாவுக்குப் போனில் சொன்னார். பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். “சரி, எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டாச்சு. அதுக்கு அப்புறம்?”

அவள் வாசிக்கத் தொடங்கினாள். அந்த நேரம் லாரி முதலாளியின் போன் வந்தது. செல்லையன் போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் கட்டன்சாயா டம்ளர்களோடு முற்றத்தில் இறங்கினார். காலையில்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள். டாக்டர் தாராளமாக நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

“இல்ல முதலாளி, கால் இன்னும் நீர் வச்சிருக்கு. எழும்பவே முடியல. டாக்டரு இன்னும் ஒரு வாரம் கெடக்கணும்னு சொல்லிட்டாரு,” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவருக்காகச் சாயா கொடுத்துவிட்டு, அடுத்த டம்ளர்களை எடுக்க விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

ஆனந்தபாய் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். பாதிப் பக்கம் போனதும் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

“என்ன சேச்சி, நிறுத்திட்டிய?” என்றார் பொன்னப்பன்.

“தொண்ட கட்டிப்போச்சு. மிச்சம் நாளைக்கு,” என்றாள். அவள் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை.